11 நாளில் 4.5 கிலோ குறைந்தது. அதற்கப்புறம் அசையவே இல்லை

#1 ஊர்க்குருவி

வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றுதான் முதல் பதிவு. ஆண், வயது 38, உயரம் 168 செ.மீ. ஆரம்பித்த அன்று 91 கிலோ. நாள் முழுக்க நாற்காலி வேலை. நோய் எதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பயந்துவிட்டேன்.

அன்று இரவே ஒரு செயலியை இறக்கி, அதில் இருப்பதிலேயே வேகமான திட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். நாளுக்கு 800 கலோரி. முதல் 11 நாளில் 4.5 கிலோ போனது. வானத்தில் மிதந்தேன். அடுத்த 10 நாளில் வெறும் 300 கிராம். நேற்று காலை ஏறி நின்றால் 600 கிராம் கூடியிருக்கிறது! தலை வலிக்கிறது, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன், இரவில் தூக்கம் வராமல் சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர் ஒருவர் 2 மாதத்தில் 14 கிலோ குறைத்தார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? 600 கலோரிக்கு இறங்கலாமா?

#2 ஒட்டடைக்குச்சி

முதலில் அந்தச் செயலியை அழியுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

#3 பழைய தராசு

600 வேண்டாம் சகோ. உங்களுக்கு நடந்ததில் மர்மம் எதுவும் இல்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உங்கள் வயது, எடை, உயரம், நாற்காலி வேலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் உடம்பு நாளுக்குச் சுமார் 2300 கலோரி செலவழிக்கும். நீங்கள் சாப்பிட்டது 800. ஆக நாளுக்கு 1500 குறை, 11 நாளுக்கு 16,500. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் இருப்பது ஏறத்தாழ 7700 கலோரி. வகுத்துப் பாருங்கள், 2.1 கிலோ வரும். சரி, மீதி 2.4 கிலோ எங்கே போனது?

பெரும்பாலும் தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும், மொத்தம் அரைக் கிலோ அளவுக்கு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டியதும் முதலில் கரைவது இந்தக் கையிருப்புதான், அதோடு தண்ணீரும் வெளியேறிவிடும். சாப்பாடு குறைந்தால் உப்பும் குறையும், குடலில் இருக்கும் சரக்கும் குறையும். எடை மெஷினுக்கு இதெல்லாம் ஒன்றுதான், கொழுப்பு போனாலும் தண்ணீர் போனாலும் அதே எண்ணைத்தான் காட்டும். முதல் வாரத்துக் கொண்டாட்டம் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். இரண்டாம் வாரத்தில் தோற்றுவிட்டதாக நினைப்பதும் இதனால்தான்.

நேற்று ஏறிய 600 கிராமுக்கும் இதே பதில். ஒரே நாளுக்குள் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ மேலும் கீழும் போவது சாதாரணம்.

அப்புறம் அந்தச் சமையல் வீடியோ. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுக் கவனித்தார். நாளுக்குச் சுமார் 1570 கலோரி, கூடவே வாரம் முழுக்க நடை. எடையில் கால்வாசி போனது. சிடுசிடுப்பு, மனச்சோர்வு, வீங்கிய கால்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் உட்கார்ந்து சமையல் புத்தகம் படித்தார்களாம். நீங்கள் வீடியோ பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களே உங்களைப்போல் இரண்டு மடங்கு சாப்பிட்டவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

#4 கணக்குப்பிள்ளை

தராசு சொன்னதோடு ஒரு திருத்தம். 7700 என்ற எண்ணை வைத்து 11 நாளுக்குக் கணக்குப் போடலாம். ஒரு வருடத்துக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958இல் எழுதிய கணக்கு அது. “தினம் 500 குறைத்தால் வாரம் அரைக் கிலோ, வருடத்துக்கு 26 கிலோ” என்று எல்லோரும் அதைக் கோடு மாதிரி நீட்டிவிட்டார்கள். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது, அதனால் கோடு வளைந்துவிடும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011இல் இதைச் சரிசெய்து தந்தது. தினசரி உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி வர ஒரு வருடம் ஆகும், கிட்டத்தட்ட முழுதாக வர 3 வருடம். படிக்கும்போது சலிப்பாக இருக்கும். எனக்கு இதுதான் நிம்மதி தந்தது, ஏனென்றால் என் தேக்கம் என் குற்றம் இல்லை என்று தெரிந்தது.

#5 இரவுப்பணி

நான் செவிலியர். ஊர்க்குருவி, 800 கலோரியும் அதற்குக் கீழும் மருத்துவர் கண்பார்வையில், ரத்தப் பரிசோதனையோடு மட்டுமே செய்ய வேண்டியவை. செயலி அதைச் சொல்லியிருக்காது. பொதுவாகச் சொல்லப்படும் வேகம் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ. உங்கள் எடைக்கு அரைக்குப் பக்கத்திலேயே நின்றாலும் குறைவில்லை.

வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். குறைகிற எடையில் எப்போதும் கொஞ்சம் தசை இருக்கும், கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். புரதமும் இல்லாமல் தசைக்கு வேலையும் கொடுக்காமல் பட்டினி கிடந்தால் அந்தப் பங்கு கூடும். முடி கொட்டும், அதுவும் உடனே இல்லை, இரண்டு மூன்று மாதம் கழித்து. அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை, எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 1970களில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடை குறைக்கும் மோகம் வந்து, பலர் அப்படித்தான் இறந்தார்கள்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுவது, இதில் எது இருந்தாலும் இங்கே கேட்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். உங்கள் தலைவலியையும் சேர்த்தே சொல்கிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள் இந்த இழையில் உள்ள எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#6 மாடிப்படி

இரவுப்பணி ஒன்றை விட்டுவிட்டார், பித்தப்பை.

ஒன்பது வாரத்தில் 17 கிலோ குறைத்தவன் நான். அலுவலகத்தில் என்னை நிறுத்திவைத்துப் படம் எடுத்தார்கள். பத்தாவது வாரம் நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே கத்தியைச் சொருகியது போல ஒரு வலி, அது முதுகுக்கு ஏறி, வாந்தி. மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். வேகமாக எடை குறையும்போது ஈரல் கூடுதலாகக் கொலஸ்டிராலைப் பித்தத்தில் தள்ளுமாம். கொழுப்பே சாப்பிடாததால் பை சுருங்கிக் காலியாவதும் இல்லை. தேங்கியது கல்லாகிவிட்டது. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் இந்த ஆபத்து ஏறும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். நான் கிட்டத்தட்ட இரண்டு.

இப்போது பையும் இல்லை. 17 கிலோவில் 12 திரும்பி வந்துவிட்டது. அந்தப் படம் மட்டும் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

#7 எதிர்க்காற்று

எல்லோரும் சேர்ந்து மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று பாடுவதால் ஒரு மாற்றுக் குரல். “வேகமாகக் குறைந்தால் வேகமாகத் திரும்பும்” என்பதற்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை.

மெல்போர்னில் 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள், 2014இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவு 12 வாரத்தில் வேகமாக, மற்றது 36 வாரத்தில் மெதுவாக. 12.5 சதவீத எடையைக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. வேகப் பிரிவில் 81 சதவீதம் பேர் எட்டினார்கள், மெதுப் பிரிவில் 50. எட்டியவர்களை மட்டும் 144 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் குறைந்த எடையில் சுமார் 71 சதவீதம் திரும்பி வந்திருந்தது. வித்தியாசமே இல்லை.

பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ என்ற ஆய்வு, 2017. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி. ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் தணிந்த நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம்.

எல்லாருக்கும் ஆமை வேகம்தான் என்று சட்டம் போட வேண்டாம். சிலருக்கு ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியும் பலன்தான் பிடிப்பைத் தரும்.

#8 இரவுப்பணி

சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்கு என்னென்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சத்து அளந்து சேர்த்த மாற்று உணவுகள், அடிக்கடி பரிசோதனை, கூப்பிட்டால் பேச ஆள். டைரக்டில் முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவர்கள் நிறுத்தினார்கள். அப்புறம் பல வாரம் எடுத்து உணவை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்தார்கள். ஊர்க்குருவியிடம் இருப்பது ஒரு செயலியும் தலைவலியும்.

இன்னொன்று. உங்கள் மெல்போர்ன் எண்ணை நான் வேறு மாதிரி படிக்கிறேன். வேகமோ மெதுவோ, 71 சதவீதம் திரும்பியது. அப்படியானால் குறைக்கும் வேகம் அதைத் தீர்மானிக்கவில்லை. குறைத்து முடித்த மறுநாள் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாதுகாப்பு ஒரு கேள்வி, நிலைப்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

#9 எதிர்க்காற்று

அந்தக் கடைசிப் பத்தியை ஏற்கிறேன்.

#10 ஊர்க்குருவி

எல்லோருக்கும் நன்றி. மாடிப்படி சொன்னதைப் படித்துவிட்டு நேற்றே நிறுத்திவிட்டேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 800 என்று எழுதினேனே, அது செயலியில் பதிந்த 800. சமைக்கும் எண்ணெயைப் பதியவில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைப் பதியவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து சனி, ஞாயிறு பதியவே இல்லை, மனசு வரவில்லை.

#11 கணக்குப்பிள்ளை

வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1992இல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு: “1200 கலோரிக்குக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை” என்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களின் உண்மையான செலவை அளந்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நாக்கு வாங்கியதை நினைவு வாங்காது.

ஐந்து நாள் 800, இரண்டு நாள் 3000 என்றால் சராசரி 1430 வருகிறது. ஏழு நாளும் நிம்மதியாக 1430 சாப்பிட்டிருக்கலாம்!

#12 நெறியாளர்

கொழுப்பைக் கரைக்கும் பொடி பற்றிய விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. இந்த மாதத்தில் இது நான்காவது.

#13 மூன்றாம் சுற்று

இழையில் பெண்கள் குறைவாகப் பேசுவதால் நானும் வருகிறேன். வயது 52. வாழ்க்கையில் மூன்று முறை 15 கிலோ குறைத்தேன், இரண்டு முறை முழுதாகத் திரும்பியது. மூன்றாவது, நாலு வருடமாக நிற்கிறது. அதனால் குறைப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, நிறுத்தி வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் இரண்டு முறையும் இலக்கு எண் வந்த அன்று “முடிந்தது” என்று நினைத்தேன். உடம்பு அப்படி நினைக்கவில்லை. 2011இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை 10 வாரம் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ரத்தத்தைப் பார்த்தால் பசியைத் தூண்டும் கிரெலின் இன்னும் ஏறியே இருந்தது, நிறைவைச் சொல்லும் லெப்டின் இன்னும் இறங்கியே இருந்தது. ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தபோது 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிப்பது, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவு. இதையெல்லாம் படித்தபோது கோபம் வந்தது. “மனவுறுதி இல்லாதவள்” என்று என்னை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

மூன்றாவது தடவை செய்தது இதுதான். நாலைந்து கிலோ குறைந்ததும் வேண்டுமென்றே நிறுத்தி, ஒரு மாதம் அதே எடையில் இருந்து பழகினேன். கூடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனி வித்தை, அதை மலையுச்சியில் கற்க முடியாது, வழியிலேயே கற்க வேண்டும். 15 கிலோவுக்கு ஒன்றரை வருடம் ஆனது. மூன்று வேளையும் புரதம் உண்டு, வாரம் இரண்டு நாள் எடை தூக்குவேன். மற்ற நாள் நடை, ஒரு மணி நேரம் வரை. வாரத்துக்கு ஒரு நாள் எடை பார்ப்பேன். இரண்டு கிலோ கூடினால் அந்த வாரமே பழைய அளவுக்குத் திரும்புவேன், ஐந்து கிலோ கூடும்வரை மெஷினை ஒளித்துவைக்க மாட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அமெரிக்காவில் 1994 முதல் எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பதிவு செய்யும் ஒரு பதிவேடு இருக்கிறதாம். அதில் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பெரும்பாலோர் தினம் ஒரு மணி நேரம் போல உடலை அசைக்கிறார்கள். நான் கண்டுபிடித்ததாக நினைத்தது பழைய செய்தி.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: மாதவிடாய்க்கு முந்தைய வாரத்து எடையைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் மாதாமாதம் ஒரு முறை அழுகைதான்.

#14 ஒட்டடைக்குச்சி

அக்கா, “மெஷினை ஒளித்துவைக்க மாட்டேன்” என்றது என்னையா?

#15 அரைத்தூக்கம்

தூக்கத்தை யாரும் தொடவில்லையே. சிகாகோவில் ஒரு சின்ன ஆய்வு, 10 பேர்தான். ஒரே அளவு குறைந்த உணவு, 14 நாள் எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் எடை ஒரே மாதிரி, 3 கிலோவை ஒட்டிக் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே கொழுப்பு. மீதி தசை முதலானவை. இதை நான் இரவு இரண்டு மணிக்குத் தட்டச்சு செய்கிறேன் என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

#16 மாடிப்படி

இப்போது எல்லோரும் பேசும், வாரம் ஒருமுறை போடும் அந்த எடைக்குறைப்பு ஊசி பற்றி யாருக்காவது தெரியுமா? எனக்கு மருத்துவர் பரிந்துரைக்கலாமா என்று யோசிக்கிறார்.

#17 இரவுப்பணி

செமாகுளூடைடைச் சொல்கிறீர்கள். 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது. நல்ல மருந்து, குறுக்குவழி என்று கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. எனவே எவ்வளவு காலத்துக்கு என்பதை முதலிலேயே கேளுங்கள். பித்தப்பைக் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள். வாந்தி, குமட்டல் வரலாம், சாப்பாடு தானாகக் குறைவதால் தசையும் போகும். புரதமும் எடைப் பயிற்சியும் அங்கேயும் உண்டு.

#18 தெருவிளக்கு

நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டைப் பாதியாக்கினேன், மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டேன். மூன்றாம் நாள் வண்டி ஓட்டும்போது கை நடுங்கி, வியர்த்து, எதிரே இருந்தது இரண்டாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்தியதால் தப்பித்தேன். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டில் கை வைக்கும் முன் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

#19 பழைய தராசு

ஊர்க்குருவி, உங்கள் பயம் சர்க்கரையைப் பற்றியது என்பதால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உங்களைப்போல் எல்லையில் இருந்தவர்களிடம் நடந்தது. இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். 91 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஆறரைக் கிலோதான். நண்பரின் 14 கிலோ உங்களுக்கு எதற்கு?

இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே என்பது நல்ல குறி, உங்களுக்கு 84 செ.மீ. மெஷின் மௌனமாக இருக்கும் வாரத்தில் நாடா பேசும்.

#20 ஊர்க்குருவி

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மருத்துவரைப் பார்த்தேன், தலைவலி சாப்பிடாததால்தான் என்றார். நாளுக்கு 1750 கலோரி, எண்ணெயையும் எழுதுகிறேன். 1750க்கு மாறிய முதல் வாரம் 86.8இலிருந்து 87.9க்கு ஏறியது. தராசு சொன்ன தண்ணீர்க் கதையைப் படித்திருக்காவிட்டால் அன்றே விட்டிருப்பேன். அதன் பிறகு வாரத்துக்கு 400, 600, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை, அப்புறம் ஒரு கிலோ. இன்று காலை 84.3. இடுப்பு 108இலிருந்து 101. வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன், மற்ற நாள் மதிய இடைவேளையில் நடை. இரவு சமையல் வீடியோ தானாகவே நின்றுவிட்டது.

இந்த மாதம் முழுக்க 84இலேயே நிற்கலாம் என்று இருக்கிறேன், மூன்றாம் சுற்று அக்கா சொன்ன மாதிரி. குறைப்பதைவிட இது கஷ்டமாக இருக்கிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

#21 மூன்றாம் சுற்று

இருக்கும். இரண்டாவது வாரம் பழகிவிடும். மாதக் கடைசியில் வந்து எண்ணைச் சொல்லுங்கள், கூடியிருந்தாலும் சொல்லுங்கள்.

#22 ஒட்டடைக்குச்சி

செயலியை அழித்தீர்களா இல்லையா?

#23 ஊர்க்குருவி

இல்லை. அறிவிப்பை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.